சிறுமிக்கு அடைக்கலம் கொடுத்த வெள்ளைக்கார அம்மா!

ஏமி கார்மைக்கேல் 1867-ல் அயர்லாந்தில் பிறந்தவர். 1895-ல் மதப்பிரசாரத்துக்கு இந்தியா வந்தார். திரும்பிப் போகவே இல்லை!

1901 மார்ச். பெருங்குளம் தேவதாசி வீட்டிலிருந்து 7 வயது சிறுமி தப்பி ஓடி வந்தாள். முன்பு ஒரு தடவை பெற்ற தாயிடமே ஓடினாள். தாயோ திருப்பி ஒப்படைத்தாள். கிடைத்தது கையில் சூடுதான். இந்தத் தடவை ஆட்கள் தேடி வந்து சத்தம் போட்டும் ஏமி விடவில்லை.

குற்றாலத்துக்குத் தெற்கே, அதே மலைத்தொடரின் அடிவாரத்தில் களக்காடு பக்கம் டோனாவூர். அங்கே சேலை கட்டி, நூற்றுக்கணக்கான பிள்ளைகளை வளர்த்தார். வெளியூர்ப் பிரசங்கம் குறைந்தது. பால் புகட்டுவதே ஊழியம் ஆயிற்று. உதவிக்கு வெளிநாட்டுக்காரர்களும் வந்தார்கள். சம்பளம் கிடையாது!

1931-ல் குழியில் விழுந்தவர், கடைசிவரை படுக்கைதான். 1951 ஜனவரி 18-ல் காலமானார். கல்லறைக்குக் கல் வேண்டாம் என்பது அவர் விருப்பம். பிள்ளைகள் பறவைகளுக்குத் தண்ணீர்த்தொட்டி வைத்து, அம்மை என்று மட்டும் பொறித்தார்கள்.