பல்லாவரத்துக் கல்

பொருட்காட்சிச் சாலைகளில் மாலை வேளைகளில் ஊர்ச் சரித்திரம் பற்றிப் பிரசங்கங்கள் நிகழ்த்துவது மெச்சத்தக்க வழக்கமாகும். பகலெல்லாம் உழைத்த ஜனங்களும் வந்து கேட்க அதனால் அவகாசம் கிடைக்கிறது. ஆயினும் சென்னையைப் பற்றிப் பேசப் புகுவோர் பெரும்பாலும் 1639-ம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியார் கோட்டைக்கு இடம் பெற்றதிலிருந்தே தொடங்குகின்றனர். சற்று முன்னே செல்வோர் பல்லவரோடு நின்றுவிடுகின்றனர். இப்பிரதேசத்தில் மனிதனின் சரித்திரம் அரசர்களுக்கெல்லாம் நெடுங்காலம் முந்தியது என்பதை முதன்முதலில் நிரூபித்தவர் ராபர்ட் புரூஸ் பூட் ஆவார்.

அவர் 1834-ல் இங்கிலாந்தில் செல்டன்ஹாம் நகரில் பிறந்தார். 1858-ல் இந்திய பூகர்ப்ப இலாகாவில் சேர்ந்து சென்னை ராஜதானிக்கு வந்தார். பூமியின் அமைப்பை ஆராய்ந்து கனிகளின் இருப்பிடத்தைத் தெரிவிப்பதே சர்க்கார் அவருக்கு இட்ட பணி. பிரான்சில் ஸோம் நதிக்கரையில், அழிந்துபட்ட மிருகங்களின் எலும்புகளோடு மனிதன் செதுக்கிய கற்களும் கிடைத்ததை 1859-ல் ஆங்கில நிபுணர்கள் ஒப்புக்கொண்டனர். அச்செய்தியை அறிந்த பூட், இந்நாட்டு மண்ணிலும் அத்தகைய சான்று இருக்கக் கூடுமென்று தேடலானார்.

1863-ம் ஆண்டு மே மாதம் 30-ந் தேதி, பல்லாவரத்தில் செம்மண் சரளை தோண்டிய பள்ளம் ஒன்றில் அவர் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். கையிற் பிடித்து வெட்டுவதற்கு ஏற்றவாறு செதுக்கப்பட்ட கற்கோடரி அது. அவ்வாண்டு செப்டம்பரிலேயே வில்லியம் கிங் என்னும் சகாவுடன் கொசஸ்தலை ஆற்றுப் பிரதேசத்திலுள்ள அத்திரம்பாக்கத்தில் மேலும் பல கருவிகளைக் கண்டார். அவ்வூரில் பிற்காலத்தில் நம் நாட்டு ஆராய்ச்சியாளர் முறைப்படி அகழ்ந்தனர்; அங்குள்ள மிகப் பழைய கருவிகள் சுமார் 15 லக்ஷம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று 2011-ல் வெளியிட்டனர்.

பூட் அத்துடன் நிற்கவில்லை. பெல்லாரிப் பக்கத்தில் குன்றுபோற் கிடந்த சாம்பல் மேடுகளை ஜனங்கள் புராணக் கதைகளோடு இணைத்துப் பேசி வந்தனர். அவையோ பண்டை நாளில் ஆநிரை வளர்த்தோர் விட்டுச் சென்ற சாணம் எரிந்த சாம்பலே என்று அவர் கருதினார். பிற்கால அகழ்வுகள் அவர் கருத்தை உறுதிப்படுத்தின.

1891-ல் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பின்னரும் பரோடா, மைசூர் சமஸ்தானங்களில் ஆராய்ச்சி செய்தார். நூற்றுக்கணக்கான இடங்களில் திரட்டிய பொருள்களை 1904-ல் சென்னைப் பொருட்காட்சிச் சாலை விலைக்கு வாங்கிக்கொண்டது. ஏற்காட்டில் வசித்த அவர் 1912-ல் காலமானார். அவருடைய விரிவான அட்டவணை நூல்கள் 1914-லும் 1916-லும் வெளிவந்தன.

அவரது உழைப்பின் சிறப்பு கற்களின் தொகையில் இல்லை; ஒவ்வொன்றும் எவ்வூரில் கிடைத்தது என்று குறித்துவைத்ததிலேதான் இருக்கிறது. இடம் தெரியாத கல் வெறுங்கல். இடம் தெரிந்த கல்லோ அவ்வூரின் பத்திரம்.

அந்நிய சர்க்காரின் ஊழியர் ஒருவர் நமது பழமையை எடுத்துக் காட்ட நேர்ந்ததே என்று நாணுவதால் பயனில்லை. அவர் கண்ட பல்லாவரம் இன்று வீடுகள் நெருங்கிய நகரப் பகுதி. ஏனைய ஊர்களிலும் மண்ணும் சரளையும் வண்டி வண்டியாக அள்ளப்படுகின்றன. தோண்டிய பின் அந்தப் பத்திரத்தை மறுபடி எழுத ஒருவராலும் இயலாது.

எழும்பூர்ப் பொருட்காட்சிச் சாலையைப் பாமர ஜனங்கள் செத்த காலேஜ் என்று அழைத்ததுண்டு. அங்குள்ள கற்களைப் பற்றி அந்தந்த ஊரார் கேட்டறிந்து, தம் ஊர் நிலத்தைக் காக்க முன்வருவராயின் அப்பெயர் பொய்யாகும். மாலைப் பிரசங்கம் செய்வோர் இனியேனும் கோட்டையிலிருந்து தொடங்காது, பல்லாவரத்துக் கல்லிலிருந்து தொடங்குவார்களாக.