மோ அமீன்: 7 நிமிட டிவி செய்தியால் உலகை உலுக்கிய கேமராமேன்

1984 அக்டோபர் 23. எத்தியோப்பியாவின் பஞ்சம் பற்றி பிபிசி டிவியில் ஒரு செய்தித் தொகுப்பு ஒளிபரப்பானது. நீளம் சுமார் 7 நிமிடம். செய்தியைச் சொன்னவர் பிபிசி நிருபர் மைக்கேல் புர்க். படம் பிடித்தவர் கென்யாவைச் சேர்ந்த முகமது அமீன். நண்பர்களுக்கும் சக பத்திரிகையாளர்களுக்கும் அவர் வெறும் 'மோ'.

அடுத்தடுத்த நாட்களில் அந்தக் காட்சிகள் உலகம் முழுக்க 425 டிவி நிலையங்களில் ஓடின. சுமார் 47 கோடி பேர் பார்த்ததாகக் கணக்கு சொல்லப்படுகிறது. இன்டர்நெட்டும் இல்லை, வாட்ஸ்அப் ஃபார்வர்டும் இல்லை. அந்தக் காலத்தில் இது சாதாரண எண் இல்லை.

ஆனால் அந்தப் பஞ்சம் அன்றைக்குத்தான் தெரிய வந்த செய்தியும் இல்லை. பல மாதங்களாகவே உதவி அமைப்புகள் எச்சரித்துக்கொண்டிருந்தன. அதே ஆண்டு ஜூலையிலேயே பிரிட்டிஷ் டிவியில் இது பற்றிய ஆவணப்படம் வந்தது, நிதியும் திரட்டப்பட்டது. அப்படியிருக்க இந்த 7 நிமிடம் மட்டும் ஏன் இப்படி அடித்தது? அதற்குப் பதில், அந்தக் கேமராவுக்குப் பின்னால் இருந்தவர் 20 ஆண்டுகளுக்கு மேலாகக் கற்றுக்கொண்ட தொழிலில் இருக்கிறது.

பழைய கேமராவும் ஒரு சிறுவனும்

முகமது அமீன் பிறந்தது 1943 ஆகஸ்ட் 29-ல், கென்யத் தலைநகர் நைரோபியில். பஞ்சாபிலிருந்து ரயில்வே வேலைக்காக ஆப்பிரிக்கா போன குடும்பம். பெரிய வசதி கிடையாது. பிறகு குடும்பம் பக்கத்து நாடான தாங்கனீக்காவின் டார் எஸ் சலாம் நகருக்குக் குடிபெயர்ந்தது. தாங்கனீக்காதான் இன்றைய தான்சானியாவின் பெரும்பகுதி.

அங்கேதான் சின்ன வயதிலேயே ஒரு செகண்ட் ஹேண்ட் 'பாக்ஸ் பிரௌனி' கேமரா அவர் கைக்கு வந்தது. பெட்டி மாதிரி இருக்கும், செட்டிங் என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. பள்ளியில் படிக்கும்போதே தான் எடுத்த படங்களைப் பத்திரிகைகளுக்கு விற்க ஆரம்பித்துவிட்டார். ஃபிலிம் ஸ்கூல், டிப்ளமோ எதுவும் கிடையாது. எடுப்பது, கழுவிப் பார்ப்பது, தப்பு எங்கே என்று கண்டுபிடிப்பது, மறுபடி எடுப்பது. அவர் படித்த பாடத்திட்டம் இவ்வளவுதான்.

1963-ல், 20 வயது வாக்கில், டார் எஸ் சலாமில் 'கேமராபிக்ஸ்' என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு ஜனவரியில் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்த சான்சிபார் தீவில் புரட்சி வெடித்தது. அமீன் அங்கே போய்ப் படம் பிடித்தார். உலகச் செய்தி நிறுவனங்கள் அவரைக் கவனிக்கத் தொடங்கியது அதன் பிறகுதான்.

அதே சான்சிபாரில் 1966-ல் அவரைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். அரசுக்குப் பிடிக்காத விஷயங்களைப் படம் பிடித்ததுதான் காரணம். சுமார் ஒரு மாதம் உள்ளே இருந்தார். சித்திரவதையும் நடந்தது. வெளியே வந்ததும் நாட்டை விட்டே அனுப்பப்பட்டார். நைரோபிக்கு வந்து, கேமராபிக்ஸை அங்கே மறுபடி கட்டி எழுப்பினார்.

ரோல் தீர்ந்துவிடும்!

அன்றைய டிவி செய்தி கேமராமேன்கள் வேலை பார்த்தது 16 எம்எம் ஃபிலிமில். 100 அடி ரோல் ஒன்று போட்டால், மொத்தமே சுமார் 2 நிமிடம் 45 விநாடிதான் ஓடும். அப்புறம் ரோல் மாற்ற வேண்டும். அந்த இடைவெளியில் முக்கியமான காட்சி நடந்து முடிந்துவிட்டால் போனது போனதுதான்.

இன்று ஃபோனில் ரெக்கார்டு பட்டனை அமுக்கிவிட்டு அரை மணி நேரம் ஓட விடலாம், பிறகு வெட்டிக்கொள்ளலாம். அவர்களுக்கு அந்த வசதி இல்லை. அதனால் எடுக்கும்போதே எடிட்டிங்கை மனதில் ஓட்டியாக வேண்டும். முதலில் இடம் எது என்று காட்டும் அகலமான ஷாட். அடுத்து ஆட்கள் என்ன செய்கிறார்கள் என்று தெரியும் நடுத்தர ஷாட். பிறகு முகம், கை, கண் என்று க்ளோஸ்-அப். இந்த மூன்றும் சரியாக விழுந்தால்தான் எடிட்டர் மேஜையில் ஒரு காட்சி உருவாகும். அழகான ஷாட்டுகள் தனித்தனியாக 10 இருந்தும், ஒன்றோடொன்று ஒட்டவில்லை என்றால் செய்தி நிற்காது.

அமீனுக்கு இன்னொரு சுமையும் இருந்தது. அவர் ஒரே சம்பவத்தில் ஸ்டில் போட்டோவும் எடுப்பார், டிவிக்கான படமும் எடுப்பார். இரண்டுக்கும் பார்வை வேறு. ஸ்டில்லுக்கு ஒரே ஒரு நொடி போதும். டிவிக்கு அந்த நொடிக்கு முன்னும் பின்னும் வேண்டும்.

1969 ஜூலை 5-ல் இந்தப் பயிற்சிக்கு ஒரு கடுமையான சோதனை வந்தது. கென்ய அமைச்சர் டாம் எம்போயாவை நைரோபியில் ஒரு மருந்துக்கடை வாசலில் சுட்டார்கள். சில நிமிடங்களில் அமீன் அங்கே இருந்தார். ஆம்புலன்ஸுக்குள்ளேயே ஏறி, உயிரைக் காப்பாற்ற நடந்த போராட்டத்தைப் பதிவு செய்தார். அந்த ஆண்டு பிரிட்டனின் சிறந்த டிவி கேமராமேன் விருது அவருக்குக் கிடைத்தது.

வசனம் இல்லாமலே புரியணும்

அமீன் நீண்ட காலம் வேலை பார்த்தது லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட 'விஸ்நியூஸ்' நிறுவனத்துக்காக. இது டிவி சேனல் கிடையாது, சேனல்களுக்குக் காட்சிகளை விற்கும் ஏஜென்சி. பின்னாளில் இதுதான் 'ராய்ட்டர்ஸ் டெலிவிஷன்' ஆனது.

ஏஜென்சி கேமராமேனின் வேலை கொஞ்சம் வேறு மாதிரி. அவர் எடுக்கும் காட்சி எந்த நாட்டில், எந்த மொழியில் ஓடும் என்று அவருக்கே தெரியாது. ஜப்பான் சேனல் ஜப்பானிய மொழியில் விளக்கம் பேசும், பிரேசில் சேனல் போர்ச்சுகீஸில் பேசும். டேப்போடு போவது, எந்த ஷாட்டில் யார், எங்கே, எப்போது என்று எழுதிய ஒரு 'டோப் ஷீட்' மட்டும்தான். ஆக, படமும் அந்த இடத்தின் இயல்பான ஒலியும் சேர்ந்தே கதையைச் சொல்லியாக வேண்டும்.

இதோடு சேர்த்து அமீன் வளர்த்துக்கொண்ட இன்னொரு திறமை, உள்ளே நுழைவது. அதிகாரிகள், விமானிகள், ஹோட்டல்காரர்கள் என்று ஆப்பிரிக்கா முழுக்க அவருக்கு ஆட்கள் தெரியும். உகாண்டா சர்வாதிகாரி இடி அமீன் ஆட்சியை இழந்து சவுதி அரேபியாவில் ஒளிந்திருந்தபோது, பிபிசி நிருபர் பிரையன் பாரனோடு சேர்ந்து 1980-ல் அவரைக் கண்டுபிடித்துப் பேட்டி எடுத்ததும் இந்த முகமது அமீன்தான். கேமரா எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் சம்பவ இடத்துக்குப் போக முடியவில்லை என்றால் ஒன்றும் நடக்காது. இது அவருக்கு நன்றாகத் தெரியும்.

கோரெமில் என்ன செய்தார்?

1984-ல் எத்தியோப்பியாவை ஆண்டது 'டெர்க்' என்ற ராணுவ அரசு. அந்த செப்டம்பரில்தான் அவர்கள் புரட்சியின் 10-ம் ஆண்டு விழாவை தலைநகர் அடிஸ் அபாபாவில் பிரமாண்டமாகக் கொண்டாடினார்கள். வடக்கே மக்கள் செத்துக்கொண்டிருந்ததை வெளியே காட்ட அரசுக்கு விருப்பமில்லை. அங்கே உள்நாட்டுப் போரும் நடந்ததால், பத்திரிகையாளர்கள் போக அனுமதி கிடைப்பது குதிரைக் கொம்பு. அமீனின் பல ஆண்டுத் தொடர்புகள் இங்கே கைகொடுத்தன.

அக்டோபரில் அமீனும் புர்க்கும் மெக்கலே, கோரெம் ஆகிய ஊர்களைச் சென்றடைந்தார்கள். கோரெமில் சுமார் 40,000 பேர் உணவுக்காகத் திரண்டிருந்தனர். மலைப்பகுதி என்பதால் இரவில் கடும் குளிர். பசியோடு குளிரும் சேர்ந்து, விடிவதற்குள் பலர் இறந்துபோனார்கள்.

அமீன் கேமராவை இயக்கியது அந்த விடியலில். மங்கலான வெளிச்சம், பனிமூட்டம், தரை முழுக்கப் போர்வையும் கந்தலும் போர்த்திய மனிதர்கள். கேமரா அவர்கள் மேல் மெதுவாக நகர்கிறது. எங்கேயும் அவசரம் இல்லை. குலுங்கலும் இல்லை, திடீர் ஜூமும் இல்லை. ஒரு முகத்தில் நின்றால், பார்ப்பவருக்குச் சங்கடமாகும் வரை நிற்கிறது. துணியில் சுற்றிய உடல்கள் வரிசையாகக் கிடப்பதையும் அதே நிதானத்தில் காட்டுகிறது. பின்னணி இசை கிடையாது. குழந்தைகளின் அழுகையும் இருமலும் பெண்களின் ஓலமும்தான் கேட்கின்றன.

வழக்கமான டிவி செய்தியில் ஒரு ஷாட் சில விநாடிகளில் மாறிவிடும். கண்ணும் அடுத்ததற்குத் தாவிவிடும். இங்கே தாவ வழியில்லை. புர்க்கும் அந்தப் படங்களுக்கு ஏற்ப, சுருக்கமான வாக்கியங்களை இடைவெளி விட்டு எழுதினார். படம் பேசும் இடத்தில் அவர் பேசவில்லை. முன்பு வந்த செய்திகள் பஞ்சத்தைப் பற்றிய தகவலைச் சொன்னன. இந்தச் செய்தியோ பார்ப்பவரைக் கோரெமில் கொண்டுபோய் நிறுத்தியது.

படம் சொன்னதும் சொல்லாததும்

விளைவு உடனே தெரிந்தது. அமெரிக்காவின் என்பிசி செய்தியிலும் காட்சிகள் ஓடின. லண்டனில் இதைப் பார்த்த பாடகர் பாப் கெல்டாஃப், நவம்பரில் சக கலைஞர்களைச் சேர்த்து 'பேண்ட் எய்ட்' பாடலைப் பதிவு செய்தார். 1985 ஜூலை 13-ல் லண்டனிலும் ஃபிலடெல்ஃபியாவிலும் ஒரே நாளில் 'லைவ் எய்ட்' கச்சேரி நடந்தது. அரசுகளும் மக்களும் கொடுத்த உணவும் பணமும் பல உயிர்களைக் காப்பாற்றின. அப்படியும் அந்தப் பஞ்சத்தில் 4 லட்சம் முதல் 10 லட்சம் பேர் வரை இறந்ததாக மதிப்பிடப்படுகிறது.

ஆனால் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. திரையில் தெரிந்தது வறட்சியும் பசியும். பயிர் அழிய, சந்தைகள் முடங்க, உணவு போய்ச் சேராமல் இருக்கக் காரணமாயிருந்த போர் அவ்வளவாகத் தெரியவில்லை. அதற்குப் பிறகு டெர்க் அரசு வடக்கிலிருந்து சுமார் 6 லட்சம் பேரைத் தெற்கே கொண்டுபோய்க் குடியமர்த்தியது. பலர் கட்டாயமாக ஏற்றப்பட்டார்கள், ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். உதவிக்கு வந்த வாகனங்களும் இதற்குத் திருப்பிவிடப்பட்டதாகக் குற்றச்சாட்டு எழுந்தது.

எத்தியோப்பியா என்றாலே பட்டினி என்ற பிம்பமும் உலகத்தின் மனதில் பல பத்தாண்டுகள் ஒட்டிக்கொண்டது. இத்தனைக்கும் ஆப்பிரிக்காவின் இயற்கை, மக்கள், பண்பாடு பற்றி அமீன் நிறையப் புகைப்பட நூல்கள் வெளியிட்டவர். மெக்கா யாத்திரையைப் பற்றியும் நூல் கொண்டுவந்தார். உலகம் நினைவில் வைத்துக்கொண்டது என்னவோ கோரெமைத்தான்.

ஒரு கை போன பிறகு

1991 ஜூனில் அடிஸ் அபாபாவில் ஒரு ஆயுதக் கிடங்கு வெடித்தது. படம் பிடிக்கப் போன அமீன் இடது கையை இழந்தார். அவருடன் இருந்த ஒலிப்பதிவாளர் ஜான் மதாய் அங்கேயே உயிரிழந்தார்.

கேமராமேனுக்குக் கை போனால் தொழில் முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அமீன் செயற்கைக் கை பொருத்திக்கொண்டு, அதற்கு ஏற்றபடி கேமராவை இயக்கப் பழகினார். சில மாதங்களில் மறுபடி களத்துக்கு வந்துவிட்டார்.

இந்த வேகத்துக்கு வீட்டில் ஒரு விலை இருந்தது. அவருடைய மகன் சலீம் அமீன் 2006-ல் வெளிவந்த 'மோ அண்ட் மீ' ஆவணப்படத்தில் தந்தையின் சாதனையை மட்டும் சொல்லவில்லை. எப்போதும் வெளியிலேயே இருந்த ஒரு அப்பாவின் மகனாக வளர்ந்ததையும் சேர்த்தே சொன்னார்.

கடைசிப் பயணம்

1996 நவம்பர் 23. அடிஸ் அபாபாவிலிருந்து நைரோபிக்குப் புறப்பட்ட எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ் 961 விமானத்தை மூன்று பேர் கடத்தினார்கள். ஆஸ்திரேலியாவுக்குப் போக வேண்டும் என்பது அவர்களின் கோரிக்கை. அவ்வளவு தூரம் போக எரிபொருள் கிடையாது என்று விமானி சொன்னதை அவர்கள் நம்பவில்லை. கடைசியில் எரிபொருள் தீர்ந்து, கொமொரோஸ் தீவுக் கரைக்கு அருகே கடலில் விழுந்தது விமானம். இருந்த 175 பேரில் 125 பேர் இறந்தார்கள். 53 வயது அமீனும் அதில் ஒருவர். அவரது வாழ்க்கை வரலாற்றை எழுதிய நண்பர் பிரையன் டெட்லியும் அதே விமானத்தில் இறந்தார்.

விமானம் நீரில் மோதி உடைந்ததைக் கரையிலிருந்த ஒரு சுற்றுலாப் பயணி தன் வீடியோ கேமராவில் எடுத்தார். அந்தக் காட்சியும் உலகம் முழுக்கச் செய்தியில் ஓடியது.

கேமராபிக்ஸ் காப்பகத்தில் அமீன் விட்டுச்சென்ற படங்கள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. சலீம் தந்தையின் பெயரில் அறக்கட்டளை தொடங்கி, ஆப்பிரிக்க இளைஞர்களுக்கு டிவி செய்தித் தொழிலைக் கற்றுக்கொடுத்தார். மோ யாரும் சொல்லித்தராமல் கற்ற தொழில், அடுத்த தலைமுறைக்கு வகுப்பறைப் பாடம் ஆனது.

அவர் வாழ்க்கையிலிருந்து எடுத்துக்கொள்ள, பார்வையாளருக்கும் ஒன்று உண்டு. அடுத்த முறை ஏதாவது ஒரு துயரக் காட்சி உங்கள் ஃபோனில் வந்து மனதை உலுக்கினால், முழுதாகப் பாருங்கள். பிறகு, இந்தக் காட்சிக்குக் காரணமானது எது, அது ஃப்ரேமுக்குள் இருக்கிறதா என்றும் ஒருமுறை தேடிப் பாருங்கள்.