கூக்காய் அடிகள்

நூலைப் பொருள் கொடுத்து வாங்கலாம், இரவலாகவும் பெறலாம். அதன் உட்பொருளையோ அங்ஙனம் பெறுதல் அரிது. அறிந்த ஆசானை அடைந்து, அவர் உவந்து உணர்த்தப் பெறுதல் வேண்டும். இவ்வுண்மைக்குத் தம் வாழ்வையே சான்றாக்கியவர் ஜப்பான் நாட்டுக் கூக்காய் அடிகள்.

கூக்காய் 774ஆம் ஆண்டில் ஷிக்கோக்குத் தீவில் பிறந்தார். இளமையில் தலைநகர்க் கல்லூரியிற் சேர்ந்து, அரசாங்க அலுவலுக்குரிய சீன நூல்களைக் கற்றார். பதவியும் செல்வமும் அவர் உள்ளத்தைக் கவரவில்லை. கல்லூரியைத் துறந்து மலைகளில் தவம் புரிந்தார். அக்காலத்தில் மகாவைரோசன சூத்திரம் என்னும் பௌத்த நூல் அவர்க்குக் கிட்டியது. மந்திரங்களும் மண்டலங்களும் பற்றிய அந்நூலின் பொருளைத் தெளிவிப்பார் எவரையும் அவர் தம் நாட்டிற் கண்டிலர். ஆகவே கடல் கடக்கத் துணிந்தார்.

804ஆம் ஆண்டில் ஜப்பானியத் தூதுக் குழுவினருடன் மரக்கலம் ஏறினார். புறப்பட்ட கலங்கள் நான்கு. சீனக் கரை சேர்ந்தவை இரண்டே. ஒன்றில் கூக்காயும், மற்றொன்றில் சாய்ச்சோ என்னும் துறவியும் இருந்தனர்.

சீனத் தலைநகராகிய சாங்கானில் ஹுய்குவோ என்னும் பேராசான் வாழ்ந்தார். அவருடைய ஆசான் அமோகவச்சிரர். அமோகவச்சிரர்க்கு ஆசான் தென்னிந்தியராகிய வச்சிரபோதி. முதுமையும் நோயும் வருத்த, தம் ஞானத்தை ஒப்படைத்தற்கு உரிய மாணாக்கரை எதிர்நோக்கியிருந்தார் ஹுய்குவோ. 805ஆம் ஆண்டில் கூக்காய் அவரை அடைந்தார். ஆசான் மகிழ்ந்து, அவர்க்குத் தீக்கை அளிக்க இசைந்தார்.

அத்தீக்கை ஒரு நீராட்டுச் சடங்காகும். மாணாக்கரின் கண்களைத் துணியாற் கட்டி உள்ளே அழைத்துச் செல்வர். அங்கே புத்தர்களும் போதிசத்துவர்களும் எழுதப்பெற்ற மண்டலம் விரிக்கப்பட்டிருக்கும். மாணாக்கர் அதன்மேல் ஒரு மலரை இடுவார். மலர் எவ்வுருவின்மேல் விழுகின்றதோ, அவ்வுருவோடு அவர்க்கு உறவு உண்டாயிற்று என்று கொள்வர். பின்னர்க் கண்கட்டை நீக்கி, ஆசான் அவர் தலையில் நீர் தெளிப்பார். பண்டை இந்திய அரசர் முடிசூடும்போது செய்யப்பெற்ற அபிடேகத்தைத் தழுவியது இது. அரசுரிமை தந்தையிடமிருந்து மைந்தனுக்கு வருவதுபோல, அறவுரிமை ஆசானிடமிருந்து மாணாக்கர்க்கு வருகின்றது.

இரு மண்டலங்களுக்கும் இருமுறை சடங்கு நிகழ்ந்தது. இருமுறையும் கூக்காய் இட்ட மலர் நடுவில் வீற்றிருக்கும் மகாவைரோசனர்மேல் விழுந்தது. ஆசான் வியந்தார். மூன்றாம் முறை நீராட்டி, கூக்காயைப் பிறர்க்குத் தீக்கை அளிக்கும் ஆசிரியராக்கினார். அவ்வாண்டின் இறுதியிலேயே ஹுய்குவோ மறைந்தார். நீண்ட காலம் தங்கிக் கற்கச் சென்ற கூக்காய், தாம் பெற்றதைத் தம் நாட்டார்க்கு வழங்கும் பொருட்டு 806ஆம் ஆண்டிலேயே மீண்டார்.

812ஆம் ஆண்டில், தக்காவோ மலைக் கோயிலில் அவரே தீக்கை அளித்தார். பெற்றவருள் சாய்ச்சோவும் ஒருவர். அவர் கூக்காயினும் ஏழாண்டு மூத்தவர்; தெண்டாய்ப் பிரிவை ஜப்பானில் நிறுவிய பெரியவர். எனினும் இளையவர்முன் மாணாக்கராய் நின்றார். முழுப் பயிற்சிக்கு இன்னும் மூன்றாண்டு வேண்டும் என்று அறிந்ததும், தம் பிரிவின் பொறுப்புகளை விட்டுத் தங்க இயலாமல், நூல்களை இரவல் பெற்றுக் கற்கலானார். அடுத்த ஆண்டில் ஓர் அரிய உரைநூலைக் கேட்டபோது கூக்காய் மறுத்துவிட்டார். ஆசானின்றி ஏட்டால் மட்டும் அந்நெறியை அறிதல் கூடாது என்பது அவர் துணிபு. இருவர் நட்பும் நாளடைவில் தளர்ந்தது. இருவரும் சான்றோரே. ஒருவர் தம் கடமையை விடவில்லை. மற்றவர் தம் நெறியை விடவில்லை.

கூக்காய் 816ஆம் ஆண்டில் அரசரிடமிருந்து கோயா மலையைப் பெற்றுத் தவப்பள்ளி அமைத்தார். 828ஆம் ஆண்டில், எளியோரும் கற்குமாறு கியோத்தோ நகரில் ஒரு கல்விச்சாலை தொடங்கினார். 835ஆம் ஆண்டில் கோயா மலையில் மறைந்தார். அவர் அங்கே இன்னும் தியானத்தில் அமர்ந்திருப்பதாக அன்பர் நம்பி, நாள்தோறும் உணவு படைக்கின்றனர். அவர் நிறுவிய ஷிங்கோன் பிரிவில் மலரிட்டு நீர் தெளிக்கும் அச்சடங்கு இன்றும் நிகழ்கின்றது.

ஒரு குடத்து நீரை மற்றொரு குடத்தில் சிந்தாமல் வார்த்தற்கு இரண்டும் அருகருகே இருத்தல் வேண்டும். கல்வியும் அத்தகையதே.