வால்டேர்: எரிந்த உடலோடு எரிக்கப்பட்ட ஒரு புத்தகம்

2015 ஜனவரி 7. பாரிஸில் 'சார்லி ஹெப்டோ' என்ற நையாண்டிப் பத்திரிகையின் அலுவலகத்தில் துப்பாக்கிச்சூடு. 12 பேர் கொல்லப்பட்டார்கள். நபிகள் நாயகம் பற்றிய கேலிச்சித்திரங்களை வெளியிட்டதற்குப் பழிவாங்கல் என்றார்கள் கொலையாளிகள். நான்கு நாள் கழித்து லட்சக்கணக்கானவர்கள் பாரிஸ் தெருக்களில் ஊர்வலம் போனார்கள். அவர்கள் நடந்த முக்கியமான சாலைக்குப் பெயரே வால்டேர் சாலைதான். அடுத்த சில வாரங்களில் ஃபிரான்ஸ் புத்தகக் கடைகளில் பரபரப்பாக விற்றது, 1763-ல் அவர் எழுதிய சகிப்புத்தன்மை பற்றிய நூல்.

எப்பவோ செத்துப்போன ஒருத்தரை ஏன் அந்த ஊர் மக்கள் அன்றைக்குத் தேடிப் போனார்கள்?

கருத்துரிமை விவாதம் வந்தாலே வாட்ஸ்அப்பில் அவர் பெயரோடு ஒரு வரி சுற்ற ஆரம்பிக்கும். அது அவர் சொன்னதே இல்லை. 1906-ல் ஈவ்லின் பியாட்ரிஸ் ஹால் என்ற ஆங்கில எழுத்தாளர், வால்டேரின் மனநிலையை விளக்க எழுதியது. அவர் நிஜமாகச் செய்த காரியங்கள் அந்த வரியை விடப் பெரியவை, சில இடங்களில் சிக்கலானவையும்கூட.

1694-ல் பாரிஸில் பிறந்தார். இயற்பெயர் ஃபிரான்சுவா மரி அரூவே. அப்பா நோட்டரி. படித்தது ஏசு சபைப் பாதிரியார்கள் நடத்திய கல்லூரியில். 20 வயசு தாண்டியதும் ஆட்சியாளரைக் கேலி செய்து கவிதை எழுதி, பாஸ்டீல் சிறையில் 11 மாதம் இருந்தார். பிறகு ஒரு பிரபுவோடு வாய்த்தகராறு. பிரபு ஆள் வைத்து அடித்தார். அடிபட்டவரைத்தான் மறுபடி சிறையில் போட்டார்கள். வெளியே வந்து இங்கிலாந்து போனார். பல மதப் பிரிவுகள் ஒரே ஊரில் சண்டையில்லாமல் வாழ்வதை அங்கே பார்த்தார். அதைப் பற்றி எழுதிய புத்தகத்தை பாரிஸில் பகிரங்கமாக எரித்தார்கள்.

நாடகம், வரலாறு, அறிவியல், வட்டிக்குக் கடன் என்று எல்லாவற்றிலும் கை வைத்து நல்ல பணம் சேர்த்தார். 1750-களின் கடைசியில், சுவிஸ் எல்லையை ஒட்டிய ஃபெர்னே கிராமத்தில் பண்ணை வாங்கினார். பிரச்சினை வந்தால் ஒரே ஓட்டத்தில் எல்லை தாண்டிவிடலாம் என்ற கணக்கு.

துலூஸ் நகரத்து வழக்கு

1761 அக்டோபரில் துலூஸ் நகரில் ழான் காலாஸ் என்ற துணி வியாபாரியின் மூத்த மகன் வீட்டில் தூக்கில் இறந்து கிடந்தான். குடும்பம் புராட்டஸ்டன்ட், ஊர் கத்தோலிக்கம். மகன் கத்தோலிக்கனாக மாறப் போனான், அதனால் அப்பாவே கொன்றுவிட்டார் என்று வாசலில் கூடிய கூட்டத்தில் கிளம்பிய வதந்தி, கொஞ்ச நாளில் வழக்காகவே மாறியது. 1762 மார்ச்சில் அந்த முதியவரைச் சக்கரத்தில் கட்டி எலும்புகளை உடைத்துக் கொன்றார்கள்.

முதலில் கேள்விப்பட்டபோது வால்டேர் அதைக் கிண்டலாகத்தான் எடுத்துக்கொண்டார். பிறகு ஜெனீவாவுக்குத் தப்பி வந்திருந்த காலாஸின் இளைய மகனைச் சந்தித்துப் பேசியதும் ஆள் மாறிப்போனார். மூன்று வருஷம் வேறு பெரிய வேலை பார்க்கவில்லை என்றே சொல்லலாம். வக்கீல்கள், அமைச்சர்கள், அரண்மனைப் பெண்கள் என்று தெரிந்த எல்லோருக்கும் கடிதம். ஊரெல்லாம் துண்டுப் பிரசுரம். ஒரு தனி வழக்கை ஐரோப்பா முழுக்கப் பேச வைத்தார். 1765 மார்ச்சில் காலாஸ் நிரபராதி என்று தீர்ப்பு வந்தது.

அந்த வெற்றிக்கு ஐந்து மாதம் கழித்து வந்ததுதான் அவரையே குலைத்துப் போட்ட சம்பவம்.

அப்வில்லில் என்ன நடந்தது?

1765 ஆகஸ்ட் 9 காலை. வடக்கு ஃபிரான்ஸின் அப்வில் ஊரில், பாலத்தின் மேல் இருந்த சிலுவைச் சிற்பத்தை யாரோ வெட்டிச் சேதப்படுத்தியிருந்தார்கள். ஊர் கொதித்தது. பிஷப் வெறுங்காலோடு, கழுத்தில் கயிறு மாட்டிக்கொண்டு பரிகார ஊர்வலம் நடத்தினார். விவரம் தெரிந்தவர்கள் வந்து சொல்ல வேண்டும், மறைத்தால் சபையிலிருந்து விலக்கு என்று கோயில்களில் அறிவித்தார்கள்.

சிலுவையை வெட்டியதைக் கண்ணால் பார்த்தவர் ஒருவரும் இல்லை. ஆனால் பயத்தில் மக்கள் தெரிந்ததை எல்லாம் வந்து சொன்னார்கள். சில பையன்கள் மத ஊர்வலம் போனபோது தொப்பியைக் கழற்றவில்லை, கெட்ட பாட்டுப் பாடினார்கள் என்றெல்லாம் சாட்சி சேர்ந்தது. இப்படி ஒரு வழக்கு இன்னொன்றாகத் திரிந்துபோனது. ஒருவன் நாட்டை விட்டே ஓடிவிட்டான். மாட்டிக்கொண்டவன் லா பார், 20 வயசு. அவன் அறையில் தடை செய்யப்பட்ட புத்தகங்கள் கிடைத்தன. அதில் ஒன்று வால்டேர் பெயர் போடாமல் வெளியிட்ட 'தத்துவ அகராதி'.

மரண தண்டனையை பாரிஸ் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. ராஜா பதினைந்தாம் லூயி மன்னிப்பு தரவில்லை. 1766 ஜூலை 1 அன்று லா பாரைச் சித்திரவதை செய்து, தலையை வெட்டி, உடலை எரித்தார்கள். அதே நெருப்பில் அந்த அகராதியையும் போட்டார்கள்.

அடுத்தது தானோ என்று வால்டேர் பயந்தார். அப்போது அவருக்கு 71 வயசு. எல்லை தாண்டி சுவிஸ் பக்கம் போய்விட்டார். அந்த அகராதி தன்னுடையதே இல்லை என்று மறுத்துக்கொண்டே இருந்தார். பிரஷ்யாவில் எழுத்தாளர்களுக்கென்று ஒரு குடியிருப்பு அமைக்கலாம் என்று நண்பர்களைக் கூப்பிட்டார். திதெரோ உட்பட யாரும் வரவில்லை. ஆனாலும் அதே வருஷம் லா பாரின் மரணத்தை விவரித்து வேறொரு பெயரில் ஒரு சிறு நூல் எழுதினார். ஓடிப்போன பையனுக்கு பிரஷ்யா ராஜாவின் படையில் வேலை வாங்கிக் கொடுத்தார். முன்னால் வந்து நின்ற வீரன் என்று அவரைச் சொல்ல முடியாது. பயந்த மனுஷன்தான், ஆனால் விடவில்லை.

அவரைப் புனிதராக்கவும் முடியாது. யூதர்களைப் பற்றி அவர் எழுதியவை இன்று படித்தால் கூச வைக்கும். நபிகள் நாயகத்தை வில்லனாக வைத்து அவர் எழுதிய நாடகம் 1742-ல் பாரிஸில் மூன்று காட்சியோடு நின்றது. நிறுத்த வைத்தவர்கள் கிறிஸ்தவர்கள்தான். தங்களைத்தான் மறைமுகமாகத் தாக்குகிறார் என்று சந்தேகப்பட்டார்கள். 2005-ல் ஃபெர்னேவுக்குப் பக்கத்து ஊரில் அதை மேடையில் வாசித்தபோது முஸ்லிம்களிடமிருந்து எதிர்ப்பு வந்தது. வெளியே கலவரம், உள்ளே வாசிப்பு நடந்து முடிந்தது.

நம்ம ஊரோடும் அவருக்கு ஒரு தொடர்பு உண்டு. 1761-ல் புதுச்சேரியை ஆங்கிலேயரிடம் இழந்த தளபதி லாலியை, லா பாருக்கு இரண்டு மாதம் முன்புதான் பாரிஸில் தலை வெட்டினார்கள். அந்தத் தீர்ப்பும் தவறு என்று வால்டேர் வருஷக்கணக்கில் வாதாடினார். அது ரத்தான செய்தி 1778 மே மாதம், மரணப் படுக்கையில் அவருக்குக் கிடைத்தது. மே 30 அன்று இறந்தார்.

பாரிஸ் திருச்சபை அடக்கம் செய்ய மறுத்தது. உயிரோடு இருப்பவரைப் போல உடலை வண்டியில் உட்கார வைத்து, இரவோடு இரவாக ஊரைத் தாண்டி ஷாம்பேன் பகுதிக்குக் கொண்டுபோய், ஒரு மடத்தில் அவசரமாகப் புதைத்தார்கள். தடை உத்தரவு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. புரட்சிக்குப் பிறகு, 1791-ல் அவர் உடலை பாரிஸுக்குத் திரும்பக் கொண்டுவந்து பாந்தியனில் வைத்தார்கள். லா பார் மீதான தீர்ப்பு ரத்தாக இன்னும் இரண்டு வருஷம் ஆனது.