மூசி நதியை அடக்கிய மேதை

கரிசல் பூமியாகிய எங்கள் கோவில்பட்டியில் ஆறு கிடையாது. சீவலப்பேரியிலிருந்து குழாய் வழியே வரும் தாமிரபரணித் தண்ணீரையே குடிக்கிறோம். ஆகவே, நகரங்களுக்கு நல்ல தண்ணீர் தந்த சர் எம். விசுவேசுவரய்யாவின் வரலாற்றை எழுத விழைந்தோம்.

மைசூர் சமஸ்தானத்தில் முத்தேனஹள்ளி என்னும் சிற்றூரில் செப்டம்பர் 15ஆம் நாள் பிறந்தார். அந்நாளே இன்று பொறியாளர் தினம். இளமையில் தந்தையை இழந்த அவர், பிற பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துச் சம்பாதித்த பணத்தில் பெங்களூரில் படித்தார். பூனாவில் பொறியியல் பயின்று, 1884இல் பம்பாய் அரசுப் பணியில் சேர்ந்தார்.

சிந்து நதிக்கரையிலுள்ள சுக்கூர் நகருக்குக் (இப்போது பாகிஸ்தான்) குடிநீர் வழங்கும் வேலை 1894இல் அவரிடம் வந்தது. ஆற்று நீரோ ஒரே சேறு. வடிகட்டும் தொட்டிகள் கட்ட நகரசபையிடம் பணமில்லை. அவர் ஆற்றுப் படுகையிலேயே கிணறு தோண்டினார். மணலூடே ஊறி வந்த நீர் தெளிந்திருந்தது. நம் பாட்டிமார் ஓடையில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் மொண்ட முறைதானே இது!

1908 செப்டம்பர் 28இல் ஹைதராபாத்தில் மூசி நதி கரைபுரண்டது. சுமார் 15,000 பேர் மாண்டனர் என்பர். ஒரு புளியமரத்தில் ஏறிக்கொண்ட 150 பேர் பிழைத்தனராம். பணியிலிருந்து விலகி அயல்நாடுகளில் பயணம் செய்துகொண்டிருந்தவரை நிஜாம் அரசு அழைத்தது. 1909இல் வந்தவர் நகரை மட்டும் பார்க்கவில்லை. மழை எங்கே பெய்தது, எவ்வழியே ஓடி வந்தது என்று நீர்ப்பிடிப்புப் பகுதி முழுவதையும் ஆராய்ந்தார். அங்கிருந்த 788 கண்மாய்களில் 221 உடைந்திருந்தன. மேல் கண்மாய் உடைந்தால் அவ்வெள்ளம் கீழ்க் கண்மாயையும் உடைக்கும். இதை எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

நகருக்கு மேலே மூசியிலும் அதன் துணையாறான ஈசியிலும் இரு நீர்த்தேக்கங்கள் கட்டவும், நகருக்குப் பாதாளச் சாக்கடை அமைக்கவும் திட்டம் தந்தார். 1920இல் உஸ்மான் சாகரும் 1927இல் ஹிமாயத் சாகரும் எழுந்தன. வெள்ளத்தைத் தடுத்த அணைகளே குடிநீரும் தந்தன.

பின்பு அவர் மைசூர் திவானாக விளங்கியதும், கிருஷ்ணராஜ சாகர் அணையும், 1955இல் பெற்ற பாரத ரத்னா விருதும் யாவரும் அறிந்தவை. நூறாண்டு கடந்து வாழ்ந்து 1962இல் காலமானார்.

அவ்விரு ஏரிகளைச் சுற்றி 10 கி.மீ. வரை ஆலைகளும் பெருங்கட்டடங்களும் கூடாதென 1996இல் ஆணை பிறந்தது. 2022இல் தெலங்கானா அரசு அதை நீக்க முற்பட்டது. இது சரியன்று என்பதே எங்கள் எண்ணம். ஏரிகளுக்குக் கீழே, நகரினூடே செல்லும் மூசி இப்போதே சாக்கடை கலந்து கறுத்து ஓடுகிறது.