கீட்ஸின் ரூம்மேட்

உங்க ரூம்மேட்டுக்குக் காய்ச்சல் வந்தா என்ன பண்ணுவீங்க? மெஸ்ஸிலிருந்து கஞ்சி வாங்கி வைப்பீங்க, ஒரு பாராசிட்டமால் கொடுப்பீங்க, அட்டெண்டன்ஸ் போயிடுமேன்னு கிளாசுக்குக் கிளம்பிடுவீங்க. நாங்களும் அப்படித்தான். இந்தக் கதையைப் படிச்சிட்டு ஒரு தடவை யோசிங்க.

ஜான் கீட்ஸ், 1795-ல் லண்டனில் பிறந்த கவிஞர். எட்டு வயதில் அப்பா குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். பதினாலு வயதில் அம்மாவைக் காசநோய் கொண்டுபோனது. பிறகு மருத்துவம் பயின்று, 1816-ல் தொழில் செய்ய உரிமமும் வாங்கினார். நம்ம பாஷையில் சொன்னா, அரியர் இல்லாம முடிச்சாச்சு! அப்புறம்தான் அதை விட்டுட்டு கவிதைப் பக்கம் வந்தார்.

அமெரிக்காவுக்குப் போன தம்பி ஜார்ஜுக்கு அவர் எழுதிய கடிதங்களைப் படிச்சா, பக்கத்து ரூம் பையன் பேசுற மாதிரியே இருக்கும். கணப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து எழுதுவதையும், கிரிக்கெட் ஆடப்போய் கண் வீங்கியதையும் ஒண்ணு விடாமல் எழுதுவார். ஒரே கடிதத்தை மாதக்கணக்கில் நீட்டுவார்.

இன்னொரு தம்பி டாமுக்கும் காசநோய். கூடவே இருந்து பார்த்துக்கொண்டார். 1818 டிசம்பரில் டாம் இறந்தான். 1820 பிப்ரவரியில் ஒரு குளிர் இரவு, கீட்ஸ் இருமியபோது துணியில் ரத்தம். மெழுகுவர்த்தியைக் கொண்டுவரச் சொல்லி அந்த நிறத்தைப் பார்த்தார். படித்த படிப்பு அப்போது பேசியது. இனி பிழைக்க மாட்டோம் என்று புரிந்துவிட்டது.

இத்தாலி வெயில் நல்லது என்றார்கள் மருத்துவர்கள். யார் துணைக்குப் போவது? ஜோசப் செவெர்ன் என்ற இளம் ஓவியர், அப்பாவின் எதிர்ப்பையும் மீறி, சில நாள் அவகாசத்தில் கிளம்பினார். ஒரு மாதத்துக்கு மேல் கப்பல். நேப்பிள்ஸில் பத்து நாள் குவாரண்டைன். ரோமில் ஒரு சின்ன வாடகை அறை. அங்கே செவெர்னே சமைத்தார், துடைத்துவிட்டார், புத்தகம் படித்துக் காட்டினார், வாடகைக்குப் பியானோ எடுத்து வாசித்தார். ராத்திரி தான் தூங்கிவிட்டால் நண்பன் இருட்டில் கிடப்பானே என்று, எரியும் மெழுகுவர்த்தியின் அடியிலிருந்து அடுத்ததன் திரிக்கு ஒரு நூலைக் கட்டிவைத்தார். முதலாவது தீரும்போது இரண்டாவது தானாகப் பற்றிக்கொள்ளும். நாம ஆட்டோமேஷன்னு புராஜெக்ட் பண்றோமே, இதைவிட நல்ல புராஜெக்ட் பார்த்திருக்கீங்களா?

1821 பிப்ரவரி 23 இரவு, செவெர்னின் கைகளில் கீட்ஸின் உயிர் பிரிந்தது. வயது 25. நோய்க்கிருமியை ராபர்ட் கோக் அறிவித்ததே 1882-ல்தான். மருந்து வர 1940-கள் ஆனது. அதாவது, செவெர்னால் நண்பனைக் காப்பாற்ற வழியே கிடையாது. தெரிஞ்சும் உட்கார்ந்திருந்தார்.

தன் கல்லறையில் பெயர் வேண்டாம் என்று கீட்ஸ் கேட்டுக்கொண்டார், அப்படியே செய்தார்கள். 1879-ல், 85 வயதில் இறந்த செவெர்னும் இப்போது அவர் பக்கத்திலேயே இருக்கிறார். செவெர்னின் கல்லில் மட்டும், அவர் யாருடைய நண்பர் என்று எழுதியிருக்கிறது.

சரி, உங்க ரூம்மேட் சாப்பிட்டாச்சா? கேட்டுட்டு வாங்க.