பதவியை விட்டார், கதவைத் திறந்தார்



பட்டம், பதவி, புகழ் இவையெல்லாம் கைக்கு வந்த பிறகு, அவற்றை ஏழைகளுக்காக விட்டுக் கொடுக்க எத்தனை பேருக்கு மனம் வரும்? அப்படி மனம் வந்த ஒருவர்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்.

1886 ஜூலை 30-ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர், கல்லூரி முதல்வர். தாய் சந்திரம்மாள், தேவதாசி குலத்தில் வந்தவர். முத்துலட்சுமி மகாராஜா கல்லூரியில் சேர மனுப் போட்டதும் ஊரே எதிர்த்தது. பொம்பளைப் பிள்ளை வந்தால் பையன்கள் கெட்டுப் போவார்கள் என்று கூச்சல் போட்டார்கள். மன்னர்தான் துணிந்து இடம் கொடுத்தார். 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912-இல் டாக்டராக வெளியே வந்தார்.

1927-இல் சென்னைச் சட்டசபையில் உறுப்பினராக அமர்ந்தார். பிரிட்டிஷ் இந்தியாவில் அப்படி அமர்ந்த முதல் பெண்மணி இவரே. துணைத் தலைவர் பதவியும் தேடி வந்தது. சிறுமிகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்க அங்கே போராடினார். அதற்கான சட்டம் 1947-இல்தான் நிறைவேறியது.

1930-இல் காந்தியடிகள் கைதானபோது பதவியைத் தூக்கி எறிந்தார். அந்தச் சமயத்தில், பொட்டுக்கட்டுக்குத் தப்பிய சில பெண்கள் அடைக்கலம் தேடி அவர் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். எந்த விடுதியும் அவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அம்மையார் என்ன செய்தார் தெரியுமா? தம் வீட்டுக் கதவையே திறந்து விட்டார். அப்படிப் பிறந்ததுதான் அவ்வை இல்லம். ஆதரவற்ற பெண்களுக்குச் சோறு மட்டும் போட்டால் போதாது, படிப்பும் கைத்தொழிலும் வேண்டும் என்பது அவர் கொள்கை.

தங்கை புற்றுநோயால் இறந்த துக்கம் அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை. அந்த நோய்க்குத் தனி மருத்துவமனை கேட்டு அலைந்தார். எப்படியும் சாகப் போகிறவர்களுக்கு எதற்கு ஆஸ்பத்திரி என்று கேட்டவர்களும் உண்டு. அவர் சளைக்கவில்லை, பணம் திரட்டினார். 1952-இல் நேரு அடிக்கல் நாட்ட, 1954-இல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி துணை நின்றார். இன்று அங்கே பல நூறு படுக்கைகள். 1968-இல் அம்மையார் மறைந்தார். அவர் நட்ட இரண்டு மரங்களும் இன்றும் நிழல் தருகின்றன.

பெற்றோர்களே! நம் கெடா மாநிலத் தோட்டங்களிலும் ஒரு காலம் இருந்தது. விடியுமுன் தாய் பால்மரம் வெட்டப் போய்விடுவாள். லயத்தில் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள மூத்த பெண்ணைப் பள்ளியை விட்டு நிறுத்துவார்கள். அப்படி நின்று போன பெண்களில் எத்தனை முத்துலட்சுமிகள் இருந்தார்களோ! இன்று நீங்கள் தோட்டத்தில் இருந்தாலும், சுங்கைப்பட்டாணி, கூலிம் பட்டணங்களுக்குக் குடிபோயிருந்தாலும், மகளின் படிப்பை மட்டும் பாதியில் நிறுத்திவிடாதீர்கள்.

மாணவச் செல்வங்களே! நீங்களும் டாக்டராகுங்கள், பெரிய பதவிக்கு வாருங்கள். ஆனால் யாராவது உதவி கேட்டு வாசலில் வந்து நின்றால், உங்கள் வீட்டுக் கதவு திறந்திருக்கட்டும்.